நவம்பர் முப்பத்தொன்று

ஒன்பது படுக்கை, எட்டுப் பேர்.
ஒன்பதாவதில் துவைத்த திரைச்சீலைகள் குவிந்து கிடக்கின்றன.
பார்மத்துக்கு வடக்கே, கடல் பார்த்த சரிவில்
முன்பு ஒரு டாக்டரின் வீடாக இருந்த கட்டடம்.
மாடிப்படிக் கைப்பிடி ஆடவில்லை; ஆட்டிப் பார்த்தேன்.
அதுதான் என் வேலை, ஆட்டிப் பார்ப்பது.

சமையலறையில் லீக் சூப் கொதிக்கிறது.
விழுங்கச் சிரமப்படுகிறவர் யார் யார்,
எவர் டீயில் எத்தனை கரண்டி கெட்டிப்பொடி,
அலமாரிக் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கிறது.
நல்லது என்று குறித்துக்கொண்டேன்.
மாத்திரைப் பெட்டி பூட்டியிருந்தது.
சாவி இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
அதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு, குளியலறைச் சுவரில் தொங்கிய தாள்.
நீரின் சூடு, நாள்தோறும், கையெழுத்தோடு:
நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே இருப்பில் எழுதி முடித்த மாதம்.
முப்பதில் நிற்கக்கூட மறந்துவிட்டது.
நவம்பர் முப்பத்தொன்றிலும் நாற்பத்தொன்று.

இல்லாத ஒரு நாளில்
யாரையோ குளிப்பாட்டியிருக்கிறார்கள்.
தண்ணீர் பதமாக இருந்திருக்கிறது.

வெப்பமானி இழுப்பறையில், உறை பிரிக்காமல்.

ரும்பிட்சாய் மறுக்கவில்லை.
சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினாள்.
"இதற்குத் தெரியும்.
எண்ணெல்லாம் தாளுக்கு."

நம்பத்தான் தோன்றியது.
காலையில் பார்த்தேன் அவளை:
டெக்வெனின் காதுக்குப் பின்னால்
விரலில் துணி சுற்றி ஈரம் ஒற்றிக்கொண்டிருந்தாள்,
வேறு எந்த அறையிலும் மணி அடிக்காததுபோல.
அடித்துக்கொண்டுதான் இருந்தது.
அந்த ஒற்றலுக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஆனால் இட்வலின் இடது குதிகாலில்
காசளவு புதுத்தோல்,
உரித்த வெங்காயத்தின் நிறத்தில்.
அதற்குக் கட்டம் உண்டு. கட்டம் காலியாக இருந்தது.

"எப்போது பட்டது?" என்றேன்.
"முப்பத்தொன்றாம் தேதி" என்றார்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
"தொட்டியில் உட்கார்ந்தால் எதிரே படிக்க
வேறென்ன இருக்கிறது, அந்தத் தாளைத் தவிர?
நாற்பது வருஷம் துறைமுகத்தில் ஓத நேரம் எழுதினவன் நான்.
இல்லாத நாளுக்குக் கடல் ஏறாது, அம்மா.
போன வருஷம் ஜூனுக்கும் முப்பத்தொன்று போட்டிருந்தார்கள்.
சொல்லலாம் என்று இருந்தேன்.
நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்,
தூங்குகிறேன் என்று கதவைச் சாத்திவிட்டீர்கள்."

சாத்தினேன்.
டோல்கெத்லி சாலையில் வெள்ளம் என்று செய்தி வந்திருந்தது.
காரில் உட்கார்ந்து, மடியில் வைத்து எழுதினேன்:
குடியிருப்போரின் கருத்து கேட்கப்பட்டது. நிலை: நன்று.
என் கையெழுத்துக்கும் ஒரு சாய்வு உண்டு.

மத்தியானம் உறையைக் கிழித்தோம்.
குழாயைத் திறந்தேன்.
ரும்பிட்சாய் முழங்கையை நனைத்துக் கண்ணை மூடி,
"நாற்பத்திரண்டு" என்றாள்.
நாற்பத்தேழு காட்டியது.
கையைத் துடைக்காமல் நின்றாள் கொஞ்ச நேரம்.
"அன்று மாற்று ஆள் வரவில்லை.
பதினாறு மணி நேரம் இந்தக் கை..."
முடிக்கவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் லவ்ரி பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
"இங்கே அன்புக்கு ஒரு குறைவும் இல்லை, எழுதுங்கள்."
இல்லைதான். எழுதினேன்.
அதற்கு அடுத்த வரியில் நாற்பத்தேழு.
அதற்கு அடுத்ததில் பதினாறு மணி நேரம்,
அது ரும்பிட்சாய் போட்ட கணக்கு இல்லை என்பதும்.
கடைசியில், யாரும் கேட்காத ஒரு வரி:
போன வருஷத்துத் தேதி, என் பெயர்.

கிளம்பும்போது இட்வல் கூப்பிட்டார்.
வெப்பமானியைக் கயிற்றில் கட்டித்
தொட்டிக்கு எதிரே தொங்கவிட வேண்டுமாம்,
தன் கண்ணுக்கு நேராக.
"எண் சரியில்லாவிட்டால்
கால் வைக்க மாட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் பார்க்கும்படி, எழுதிக்கொண்டேன்.