பத்தொன்பதாம் அறைக் கதவு

கையில் ரெண்டாயிரம்.
அதற்குள் நாலு கால், மூணு சுவர், கூரை,
ஐந்து குஞ்சுகள், ஒரு மாதத் தீவனம்.
கரண்ட் பில் பின்பக்கம் கூட்டிக் கழித்தேன்.
கோழி வருவதற்கு முன்னாலேயே
கணக்கு முட்டை போட்டுவிட்டது.

காயலாங்கடை சீனு
பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை
நானூற்றைம்பதில் தொடங்கி இருநூற்றெண்பதில் விட்டான்.
"இன்னாக்கா, கோழிக்குக் கட்டிலா?"
சிரித்தால் சிரிக்கட்டும்.
தரையிலிருந்து ஒண்ணரை அடி உயரம் கிடைத்தது,
கீழே குனிந்து கூட்டலாம்.
காலுக்கொரு டப்பா, டப்பாவில் கழிவு எண்ணெய்,
எறும்பு ஏறாமலிருக்க.
எண்ணெய் மெக்கானிக் தாமு கொடுத்தது, இனாம்.

கூரைக்குக் காதணி விழா ஃப்ளெக்ஸ், மேலே தென்னங்கீற்று.
சித்திரையில் எங்கள் பாறைமலை
ராத்திரி பத்துக்கும் அனல் கக்கும்.
சிரிக்கிற குழந்தை முகம் கீழ்ப்பக்கம்,
கோழிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

வலையில்தான் ஏமாந்தேன்.
அடி பன்னிரண்டு ரூபாய் என்று
பெரிய கண் வலை வாங்கி இழுத்துக் கட்டினேன்.
மூன்றாம் நாள் விடியலில்
கீரி உள்ளே வரவில்லை, கையை மட்டும் விட்டது.
பொய்கைச் சந்தையில் நூற்றிருபது கொடுத்த சாம்பல் குஞ்சு.
வலைக்கு உள்ளே ஒரு சிறகு,
வெளியே ரத்தம்.
அப்புறம் அரை அங்குல வெல்டு வலை. அடி நாற்பத்தெட்டு.

பின்சுவருக்குப் பலகை வாங்கக் காசில்லை.
நான் அறை பெருக்கும் லாட்ஜில்
பத்தொன்பதாம் அறை அலமாரிக் கதவு கழன்று
மாடிப்படிக்கு அடியில் கிடந்தது.
மேனேஜர் கையை அசைத்தார்.
எடுத்துக்கோ என்றாரா, போ என்றாரா? எடுத்துக்கொண்டேன்.
ஆட்டோவுக்கு எண்பது.
தலையில் வைத்து வேலப்பாடி வரை நடந்தேன்.

ஆணி அடித்து முடித்தபிறகுதான் கவனித்தேன்.
உள்பக்கம் முழுக்க மார்க்கர் பேனா,
வங்காள எழுத்து,
கொடியில் துணி காயப்போட்ட மாதிரி
கோட்டிலிருந்து தொங்கும் எழுத்து.
பேசக் கொஞ்சம் வரும் எனக்கு.
ஜோல் என்றால் தண்ணீர்.
கொத்தோ தின் என்றால் எத்தனை நாள்.
படிக்க வராது.
போனில் படம் பிடித்துப் போய்
மருந்துக்கடை தன்ராஜிடம் காட்டினேன்.

அறை வாடகை முந்நூற்றைம்பது, பெருக்கல் நாற்பத்தொன்று.
ஸ்கேன். ஊசி. ரத்தம் ரெண்டு யூனிட்.
ஸ்டவ் வாடகை. அரிசி.
டிம் ஆறு. டிம் ஆறு. டிம் நாலு. டிம் ரெண்டு.
"டிம்னா முட்டைக்கா" என்றான்.
அது எனக்குத் தெரியும்.
கடைசி வரி, ஊருக்கு ரயில் டிக்கெட்.
"எத்தனை பேருக்கு?"
படத்தைப் பெரிதாக்கினான்.
அந்த இடத்தில்
நான் அடித்த ஆணி இருந்தது.

ஆணியைப் பிடுங்கிப் பார்க்கலாம்தான்.
சுவர் ஆடும். பிடுங்கவில்லை.
மிச்சப் பெயின்ட் அரை டப்பா இருந்தது,
அதையும் அடிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் செவலை முட்டை வைத்தது.
நான் சாய்த்து வைத்த பக்கெட்டில் இல்லை,
கதவோரம், உமி மேல்.
சின்ன முட்டை, ஓட்டில் ஒரு ரத்தக் கீற்று.
அதுவரை செலவு ரெண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
முட்டை ஒன்று.

மார்க்கர் இல்லை. அடுப்புக்கரி எடுத்து
அந்தக் கணக்குக்கெல்லாம் கீழே எழுதினேன்,
டிம் ஒன்று.
செவலை வந்து
எழுத்தை ஒரு தரம் கொத்திப் பார்த்தது.