நாற்பது வெள்ளிக்குள்

ஜெலுத்தோங்கில் லிம் கடையில்
வைன் அடுக்கு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால்.
மேல்தட்டுப் புட்டிகள் எங்களைப் பார்ப்பதில்லை.
குனிந்து தேடும் தட்டில்
தூசும் எலிப்பொறியும்
முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு காசும்.

புஷ்பலீலா வைத்த சட்டம் ஒன்றுதான்:
நாற்பதைத் தாண்டினால் அது விசேஷம்.
விசேஷமென்றால்
உறவுக்காரர்களைக் கூப்பிட வேண்டிவரும்.

முதல் புட்டி ஊறுகாய்க்குப் போனது.
இரண்டாவது, சின்ன வயது இருமல் மருந்து.
மூன்றாவது நன்றாகத்தான் இருந்தது,
மறுநாள் காலை இருவரும்
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்
பனடோல் தேடும்வரை.

நாங்கள் கேட்டது பெரிதல்ல.
பட்டர்வொர்த் துறைமுகத்தில்
கொள்கலன் எண்களை ஒப்பிட்டு ஒப்பிட்டுக்
கண் எரிந்து பாலம் கடந்து வரும் எனக்கும்,
ஊரார் ரத்தத்தைக் குழாய் குழாயாய்
நாளெல்லாம் அடுக்கிவிட்டு வரும் அவளுக்கும்
சார்டின் சம்பலோடு ஆளுக்கொரு கிளாஸ்.
சிவப்பு வேண்டாமே என்று
ஒரு நாளும் அவள் சொன்னதில்லை.

லிஃப்டில் கோயில் செயலாளர் குணபூஷணம்.
என் கையில் கறுப்புப் பிளாஸ்டிக் பை.
அவர் கையிலும்.
ஆறாம் மாடி அருகே லிஃப்ட் குலுங்கியது,
பைகள் இரண்டும் பேசிக்கொண்டன.
நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஒன்பதாவது புட்டி சிலியிலிருந்து வந்தது.
திருகு மூடி. சீட்டில் பாதி கிழிந்த குதிரை.
முப்பத்தாறு ஐம்பது.
ஓக் மரம் மணக்குமாம், பிளாக்பெர்ரி தெரியுமாம்.
இரண்டையும் நாங்கள் பார்த்ததில்லை.
அவள் கண்ணை மூடி,
"வாழைப்பூவை மோரில் போடாமல் கடித்த மாதிரி" என்றாள்.
நாவற்பழம் என்றேன் நான்.
"பழமா, கொட்டையா?"
"கொட்டையை ஒட்டின சதை."
துவர்ப்பு என்று ஒரு சொல்
இத்தனை வருஷமும் வாய்க்குள்
வேலையில்லாமல் கிடந்திருக்கிறது.

இந்த வெக்கைக்கு
அரை மணி ஐஸ்பெட்டியில் வை,
யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார் லிம்.
சந்தான் பாக்கெட்டுக்கும் கிச்சாப்புக்கும் நடுவே
குதிரை நின்றது, மூன்று மாதம்.

நாலாவது மாதம்
விலைச் சீட்டின்மேல் இன்னொரு சீட்டு.
நகத்தால் சுரண்டினேன்:
அடியில் முப்பத்தாறு ஐம்பது உயிரோடு இருந்தது,
மேலே நாற்பத்தொன்று இருபது.
"கப்பல் கூலி ஏறிப்போச்சு லா" என்றார் லிம்,
கப்பல் பெட்டி எண்ணிப் பிழைக்கிறவனிடம்.

வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.
புஷ்பலீலா சட்டத்தைத் தொடவில்லை,
காலண்டரை எடுத்தாள்.
வெள்ளி ஏறியதால்
வெள்ளிக்கிழமையை அடித்தாள்.
கொஞ்சம் யோசித்து செவ்வாயையும்.

இன்று வியாழன்.
புட்டியை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கி
பரிசோதனைக் குழாயைப் பார்க்கிற அதே கண்ணால்
கோடு எங்கே நிற்கிறதென்று பார்க்கிறாள்.
"சனிக்கு ரெண்டு பேருக்கு வரும்" என்கிறாள்,
"நீங்க ஊத்தாதீங்க."