பனம்பழம்

கொசுவம் வைக்க இரண்டு கை வேண்டும்.
ஐந்து மணிக்கே வந்து
பர்ஹானா வைத்துவிட்டுப் போனாள்.
நைட்டியோடு கோர்ட்டுக்குப் போக முடியாதே.

பேரணாம்பட்டிலிருந்து சத்துவாச்சாரிக்கு
இரண்டு பஸ்.
சில்லறையை இடது கையால் எண்ணுகிறேன்.
வலது கை மடியில் கிடக்கிறது,
பார்த்துக்கொள்ளச் சொல்லி
யாரோ விட்டுப்போன பை மாதிரி.

மனுவில் ஒரு இடம் மட்டும்
ஆறு மாதம் காலியாக இருந்தது.
"தொகை எவ்வளவு போடட்டும்?"
ஷூ அப்பர் ஒரு ஜோடி தைத்தால் ஏழு ரூபாய்,
நாளைக்கு எழுபது ஜோடி.
வக்கீல் நவநீதம் கால்குலேட்டரைத் தட்டினார்,
அறுபது வயதுவரை.
அதுக்கு மேல கை வேண்டாமா சார் என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஊசிச் சீட்டு மழையில் நனைந்து
பேட்ச் நம்பரில் நடு எழுத்துகள் போய்விட்டன.
நர்ஸ் எமிலி
தக்காளி பொறுக்கும் சாக்கில் பக்கத்தில் வந்து
முழு நம்பரையும் ஒரே ஒருமுறை சொன்னாள்.
பேனா இல்லை.
வீடுவரை முணுமுணுத்தபடி நடந்தேன்,
எதிரில் வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம்
நம்பரையே பதிலாகச் சொல்லி.

போன மாதம்
சின்னவனை இடுப்பில் வைத்து
அதே சுகாதார நிலையத்துக்கு
ஒன்பதாம் மாத ஊசிக்குப் போனேன்.
"கேட்டாலும் சொல்லாதே" என்றார் வக்கீல்.
ஏன் சொல்லக் கூடாது?
தட்டம்மையில் போன என் தம்பிக்கு
யாரிடம் மனு போட்டோம்?
அது அது.
இது இது.

இன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.
என் பக்கம் திரும்பாமலே
"காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்றார்.
இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

இருக்கலாம்.
காக்கைமேல் எனக்கு வழக்கில்லை.
கீழே ஒருத்தி நின்றிருந்தாள் ஐயா,
வரிசையில்,
நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில்.
பழம் அவள் தோளில் விழுந்தது.
கதையில் அவள் எங்கே?

இதை உரக்கச் சொல்லவில்லை.
சம்பூரணி, கணவர் பெயர் ஏழுமலை என்று கூப்பிட்டு
அடுத்த வாய்தாவைச் சொன்னார்கள்.
இடது கையால் பேனாவைப் பிடித்தேன்.
கிளார்க் மை டப்பாவை நகர்த்தி
"ரேகை வெச்சிடும்மா, கூட்டம் நிக்குது" என்றார்.

கூட்டம் நிற்கட்டும்.
என் பெயரின் கடைசி எழுத்துக்கு மூன்று சுழி.
மூன்றையும் சுழித்துவிட்டுத்தான்
நிமிர்ந்தேன்.