கஞ்சி போட்ட பாலம்

சேந்த்-அந்த்ரேவுக்குக் கீழே, கரும்பு முடிகிற இடத்தில்
ஒற்றை வளைவு.
எரிமலைக் கல். கறுப்பு. நனைந்தால் இன்னும் கறுப்பு.
புயல் ஓய்ந்த மறுநாள் சாலைத் துறை என்னை அனுப்பியது:
இடிக்கலாமா, வைக்கலாமா,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரே பக்கத்தில் சொல்.

கயிற்றில் தொங்கி
வளைவின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தேன்.
முற்றிய பூசணியின் சத்தம்.
இரண்டு கல்லுக்கு நடுவே நகக்கண் அளவு காரை,
சுரண்டிப் புட்டியில் போட்டுக்கொண்டேன்.

துறையின் பழைய பேரேடு, 1846.
பொறியாளரின் பெயர் சுருள் சுருளான எழுத்தில்.
கீழே எல்லாம் எண்கள்.
எண் 88, சீனன், அமோய், பினாங்கு வழியாக.
எண் 131, மலபார், கொத்தன், காரைக்கால்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்
காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள்:
ஓங் தியாம். வைரக்கண்ணு.

இரண்டு முறை கட்டியது இரண்டு மழையில் போயிற்று,
பேரேடு சொல்கிறது.
மூன்றாம் முறை நின்றது.
ஏன் என்று சொல்லவில்லை.
அந்த இடத்தை நான்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஓங் தியாமின் பக்கத்தில் ஒரு பாலம் உண்டு,
ஆறும் கடலும் முட்டிக்கொள்ளும் வாயில்.
அப்போதே எண்ணூறு வயதை நெருங்கியிருந்தது.
பாறைப் பலகையைப் படகில் ஏற்றி
ஓதம் பெருகும்வரை காத்திருப்பார்களாம்.
தூணுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டால்
வற்றம் வந்து மெல்ல இறக்கி வைக்கும்.
கூலி கேட்காத ஆள், கடல்.
தூணடியில் சிப்பி வளர்த்தார்கள்.
அது கல்லையும் கல்லையும் சேர்த்துக் கவ்விக்கொண்டது.
அந்தச் சிப்பியைப் பறித்துத் தின்றவனுக்குத் தண்டனை.

இதை எந்த மொழியில் சொல்லியிருப்பான்?
சந்தை மலாய் கொஞ்சம், கிரியோல் கொஞ்சம்,
மிச்சத்துக்குக் கரித்துண்டு.

வைரக்கண்ணு ஓடையைப் பார்த்திருப்பான்.
இங்கே ஓதம் முழங்காலைத் தாண்டாது.
மலைத்தண்ணீரில் சிப்பி ஒட்டாது.
சரி, வேறென்ன போடுவீர்கள் என்று கேட்டிருப்பான்.
மற்றவன் மடியைப் பிரித்துக் காட்டியிருப்பான்:
அரிசி.
குழையக் காய்ச்சி, சுண்ணாம்பில்.

காரைக்கால்காரனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.
கஞ்சி போட்டால் வேட்டி விறைக்கிறது,
கல்லுக்கு மட்டும் கசக்குமா?
ஊரில் அவன் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துக் குழைத்தவன்.
இங்கே கடுக்காய்க்கு எங்கே போவது,
வெல்லத்தைத் தொட்டால் ஆலைக்காரன் தோலை உரிப்பான்.
கைக்கு எட்டியது
நாளைக்கு ஆளுக்கு மூன்று குவளை அரிசி.
வாய்க்கும் அதேதான்.

பக்கம் அறுபத்திரண்டு:
"எண் 88, எண் 131. உண்ணக் கொடுத்த அரிசியை
வேறு காரியத்துக்குச் செலவிட்டது.
நான்கு நாள் கூலி பிடித்தம்."

அங்கே தின்றவனுக்குத் தண்டனை.
இங்கே தின்னாதவனுக்கு.

வியாழன் மாலை, ஆய்வகம்.
காரைத் தூளின் மேல் ஒரு சொட்டு அயோடின்.
பழுப்பு.
பழுப்புதான்.
சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினால்
நீலம்.

கணக்குப் போட்டேன், வேறு என்ன தெரியும் எனக்கு.
வளைவின் கன அளவு, காரையின் பங்கு,
ஒரு பானைக்கு எத்தனை குவளை.
இருவரின் அரிசி ஒரு வரிசைக் கல்லுக்குக்கூடக் காணாது.
மறுபடி போட்டேன்.
நாற்பது பேராவது வேண்டும்,
மழைக்காலம் முழுக்க, அரை வயிற்றோடு.
பிடிபட்டது இரண்டு பேர்.
மற்ற எண்கள் பேரேட்டில் எங்குமே இல்லை.
யாரும் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தேன்:
வைக்கலாம். பன்னிரண்டு டன்னுக்கு மேல் லாரி வேண்டாம்.
கட்டுமானப் பொருட்கள் என்ற கட்டத்தில்
எரிமலைக் கல், பவளச் சுண்ணாம்பு, மணல்,
இராச்சாப்பாடு.

மேலதிகாரி கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
மாவுச்சத்து என்று எழுதினார்.
அதுவும் தப்பில்லை.