இருபது மதிப்பெண் கேள்வி

‘ஆவி’ என்னும் சொல்லை
மூலமொழியின் துணையோடு ஆராய்க.
எண்ணூறு சொற்களுக்கு மிகாமல்.

சிப்காட்டில் மூன்றாம் ஷிப்ட்.
பாய்லர் கேஜில் முள் ஏழில் நிற்கிறது.
மடியில் எபிரெய அரிச்சுவடி,
வலமிருந்து இடமாக.
நாற்பத்து மூன்று வயதில்
ஓர் எழுத்தின் வயிற்றுக்குள்
புள்ளி வைக்கலாமா கூடாதா என்று
பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வைத்திலிங்கம் எட்டிப் பார்க்கிறான்.
“ஐயராவப் போறியாமே, நெசமாவா?”
“பி.டி.எச். மொத வருஷம்தான்டா.”
“முடிச்சா இன்கிரிமென்ட் குடுப்பானா?”
பதிலுக்குக் காத்திராமல்
சாம்பல் வாரப் போய்விட்டான்.

மூலத்தில் அது ஒரே சொல்லாம்.
காற்றுக்கும் அதுதான், மூச்சுக்கும் அதுதான்,
தண்ணீரின் மேல் அசைந்ததற்கும் அதுதான்.
மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமை சாயங்காலம்
நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த எங்களுக்கு
ரூத் பொன்மலர் மேடம் சொன்னது.
என் பெரியவளைவிட ஆறு வயதுதான் கூட இருக்கும்.
ஆட்டோ ஓட்டும் எப்ராயீம்
அந்த நேரம் பார்த்து வாய் பிளந்தார்.
“கொட்டாவியிலும் ஆவி இருக்கிறது,
எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் மேடம்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் எழுதிக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் தெரிந்த ஆவிக்கு
அரசாங்கம் சான்றிதழ் கொடுத்திருக்கிறது.
பாய்லர் அட்டெண்டன்ட், இரண்டாம் வகுப்பு,
வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது,
ஞானஸ்நான அட்டைக்குப் பக்கத்தில்.
ஆவியைப் பார்க்க முடியாது, மேடம்.
வெள்ளையாய்ப் பார்க்கிறோமே, அது
ஆவி ஆறிப்போய்த் துளியானது.
நிஜமான ஆவி
குழாய் விரிசலில் சீறும், அவ்வளவுதான்.
கையால் தேடினால் கை போச்சு.
குச்சி நுனியில் துணி கட்டி
குழாய் நெடுக நீட்டிக்கொண்டே நடப்போம்.
எங்கே துணி படபடக்கிறதோ
அங்கே இருக்கிறது.

இதையே எழுதினேன், இரண்டு பக்கம்.
போன மழையில் சாராளுக்குச் சளி கட்டி
நொச்சி இலை போட்டு ஆவி பிடித்ததையும் எழுதினேன்.
போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து
என் சட்டையைப் பிடித்து இழுத்தது,
உள்ளே நீயும் வா என்றா, போதும் என்றா,
இன்றுவரை கேட்கவில்லை.
இட்லிக் குண்டானை விட்டுவிட்டேன்.
எண்ணூறு தாண்டிவிட்டது.

கடைசியில் இடம் இல்லாமல்
ஓரத்தில் ஒரு கேள்வி நெருக்கி எழுதினேன்:
கடற்காற்று திரும்புகிற ராத்திரிகளில்
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம்
ஒவ்வொரு வீடாக ஜன்னல் சாத்துகிறார்கள்.
இங்கிருந்து போகிற காற்று அது.
அந்த வாசனையில்தான் என் சம்பளம்,
இந்தப் படிப்புக்கு ஃபீஸ்.
அதற்கும் இதே சொல்தானா?

தாள் இன்று திரும்பி வந்தது.
சிவப்பு மையில் பதினொன்று.
‘நூற்பட்டியல் எங்கே? மூலமொழி போதாது.
சொந்த அனுபவம் ஆராய்ச்சி ஆகாது.’
எபிரெயச் சொல்லில்
ஒரு புள்ளி தவறு, வட்டம் போட்டிருக்கிறது.
ஓரத்துக் கேள்விக்கு நேரே
சிவப்பு இல்லை.
பென்சிலில், சின்னதாக,
அழித்துவிட நினைத்து விட்டுவிட்டதுபோல:
‘தெரியவில்லை.
எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல்.
அம்மா ஈரத்துணி வைத்துச் சாத்துவார்கள்.’

மணி இரண்டே கால்.
வைத்திலிங்கம் டீ கொண்டு வருகிறான்.
டம்ளருக்கு மேலே வெள்ளையாய் எழும்புகிறது,
ஆறிக்கொண்டிருக்கிறது.
“பாஸா?”
“பாஸ்தான்.”
“அப்பறம் ஏன் மூஞ்சி இப்பிடி?”

கேஜில் முள் ஆறரைக்கு இறங்கியிருக்கிறது.
எங்கேயோ போகிறது.
விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு
துணி கட்டிய குச்சியை எடுக்கிறேன்.
“பேசாம வா” என்கிறேன்,
“சத்தம் கேக்கணும்.”