நமுத்த வெடி

பல்வலுக்கும் துக்ளகாபாதுக்கும் நடுவே எங்கோ இருக்கிறோம்.
எங்கே என்று கேட்காதீர்கள்.
கண்ணாடிக்கு வெளியே ஒரு வெள்ளைச் சுவர்,
அதுவும் எங்களோடு தில்லிக்கு வருகிறது.

சிக்னலுக்கு இருநூற்று எழுபது மீட்டர் முன்னால்
தண்டவாளத்தில் வெடி கட்டியிருப்பார்கள்.
சக்கரம் ஏறினால் டப்.
பத்து மீட்டர் தள்ளி இன்னொரு டப்.
சிக்னல் வருகிறது என்று பொருள்.
சிவப்பா பச்சையா என்று வெடி சொல்லாது.

"வச்சவனைப் பார்த்தியா?" என்றார் ஓம்வீர்.
"இல்லை."
"ஆனா நம்புறே."
"இவனைப் பார்க்கலை. இவனைப் போல நாலு பேரை
வெயிலில் பார்த்திருக்கேன், பீடி கேட்பாங்க.
உங்க ஆளை எந்த வெயிலில் பார்த்தீங்க?"
ஓம்வீர் ஹாரனை நீளமாக அடித்தார்.
அது பதிலா விதிமுறையா தெரியவில்லை.

என் பெயர் அறிவொளி.
இந்தியில் எழுதிய குமாஸ்தாவிடம் ளகரம் இல்லை,
பதிவேட்டில் அறிவொலி ஆகிவிட்டேன்.
ஜனவரியில் நான் அதைத் திருத்தச் சொல்வதில்லை.

தர்க்கம் படித்த காலத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது:
பனியைப் புகையென்று மயங்கி
மலையில் நெருப்பை நிறுவாதே.
எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை போல.
இங்கே பனிக்குள் புகை, புகைக்குள் பனி,
எங்கோ நெருப்பும் உண்டு,
யாரோ டயர் கொளுத்திக் குளிர்காய்கிறார்கள்.
தப்பான வழியில் போய்ச்
சரியான இடத்தில் இறங்குகிறவனை
என்ன சொல்லித் திருத்துவது?

பதினாறாம் தேதி வெடிக்கவில்லை.
வெடிக்க வேண்டிய தூரம் வந்தது,
போனது.
"தூங்கிட்டான் நாய்" என்று கத்தினேன்.
அவன் அம்மாவையும் இழுத்தேன்.
பெயர் தெரியாது, முகம் தெரியாது.
திட்டி முடித்த பிறகுதான் உறைத்தது:
இல்லாதவனை
இவ்வளவு வாய் நிறையத் திட்ட முடியாது.
ஓம்வீர் என்னைப் பார்க்கவில்லை,
பிரேக்கில் இருந்தது கை.
நின்றோம்.
மூக்குக்கு நேரே சிவப்பு.

நிலையத்தில் பதிவேட்டைக் காட்டினார்கள்.
வைக்கப்பட்டது. ஈரம். வெடிக்கவில்லை.
கீழே ஒரு பெருவிரல் ரேகை,
மை இன்னும் காயாமல்.

"இதையும் உங்க கணக்கில் சேர்த்துக்காதீங்க" என்றேன்.
"வெடிச்சாலும் இருக்கான், வெடிக்காட்டியும் இருக்கான்னா
அப்புறம் வெடி எதுக்கு?"
ஓம்வீர் தேநீரை ஆற்றினார். ரொம்ப நேரம் ஆற்றினார்.
"சேர்க்கலை. பயந்துதான் நிறுத்தினேன்.
அவரை நினைக்கவேயில்லை."
சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது,
பர்ஸைத் தொலைத்தவன் போல.
ஜெயித்த பக்கம் நான்தான்.
கேட்காமலே என் பிஸ்கட்டில் ஒன்றை
அவர் தட்டில் வைத்தேன்.

மறுபடி ஏறினோம்.
அவர் இடது ஜன்னலில் தலையை வெளியே நீட்டினார்,
நான் வலது.
காது மரத்துப்போகிற குளிர்.
இரண்டு பேரும் பேசவில்லை,
பேசினால் கேட்காது.