எடைமேடையில் எண் இருபத்திமூன்று

களியக்காவிளை, செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்,
இரவு பத்துவரை எடைமேடை என் பொறுப்பு.
கல் ஏற்றிய டாரஸ் ஏறும், எண் நிற்கும்,
ரசீது கிழிப்பேன், அடுத்தது.

மேசைமேல் இன்று மூன்று ஜெராக்ஸ் கட்டு.
ஸ்பைரல் போட்டது நூற்றி எண்பது ரூபாய்,
நூல் கட்டியது நூற்றிப் பத்து,
ஒன்று ஓசி.
ட்யூபாவுக்கான மேல்நிலைப் பயிற்சிகள்.
வேலைக்கும் வீட்டுக்கும் போக மிஞ்சும் நேரத்தில்
வருடத்துக்கு ஒன்றுதான் முடியும்.

பதினாறு வருடமாகச் சபை பாண்டில்
எனக்கு இரண்டே சுரம். ஒன்று, ஐந்து.
கிறிஸ்மஸ் பவனியில் வாசல்வாசலாய் நின்று
ஒன்று, ஐந்து.
கல்யாண வீட்டில் கொஞ்சம் வேகமாய்
ஒன்று, ஐந்து.
கார்னெட் வாசிக்கும் ரெஜி லாசர் கேட்டான்:
"ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? எவன் கேக்கப் போறான்?"
அன்றைக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை.
பக்கம் புரட்டுகிறேன்.

முதல் கட்டு டிரம்பெட்டுக்காரர் எழுதியது.
எங்கள் பாண்டு படிக்கும் அதே குறியில் இருக்கிறது,
எடுத்தவுடன் வாசித்துவிடலாம், அதுதான் உபத்திரவம்.
குருவிக்குத் தைத்த சட்டை.
கொத்திக்கொத்திப் பறக்கிற அந்த வரிகள்
என் குழலில் ஓடினால்
மாடிப்படியில் உருளும் அண்டா.

அடுத்தது ட்யூபாவுக்கென்றே எழுதியது.
காதுபோல வளைந்த வேறொரு குறி, பக்கத்தில் இரண்டு புள்ளி.
படித்துக்கொள்ளலாம்.
ஒரே பஸ்ஸை இரண்டு எழுத்தில் வாசித்து
ஓடி ஏறுகிறவர்கள்தானே நாங்கள்.
ஆனால் நாலாம் பக்கத்திலேயே
கீழ் இ-பிளாட்டுக்கு இறங்குகிறது.
என் குழலுக்கு வால்வு மூன்று.
நாலாவது இல்லாதவர்களுக்கு
பாதிக் கிணற்றோடு படி முடிந்துபோகும்.

ஓசிக் கட்டு, செல்லோவுக்கு எழுதியதை
யாரோ கீழே இறக்கி எழுதியது.
அழகு. மூச்சுவிட இடமில்லாத அழகு.
வில்லுக்கு நுரையீரல் இல்லை,
போன கை திரும்பி வரும், அவ்வளவுதான்.
எண் இருபத்திமூன்று:
நாற்பத்தெட்டு அளவு, ஓர் ஓய்வுக்குறி கிடையாது.
எழுதியவருக்கு என்மேல் கோபமில்லை.
என்னை நினைக்கவே இல்லை.

வண்டி வராத கால்மணி நேரத்தில்
விளையாட்டாய் மூன்று கட்டையும் மேடையில் வைத்தேன்.
பூஜ்யம்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்தால்
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
குழலை வைத்தேன். ஒன்பது கிலோ. பூஜ்யம்.
தூக்கித் தோளில் போட்டு ஏறி நின்றேன்,
எழுபது.
கீழே வைத்துவிட்டுத் தனியாய் நின்றேன்,
அறுபது.
இரண்டு எண்ணையும் பார்த்தபடி
கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.

பிறகு லாரிகள் வரிசைகட்டின.
எஞ்சின்கள் உறுமும் அந்தச் சத்தத்துக்குள்
நான் ஊதினால் யாருக்கும் தொந்தரவில்லை.
இருபத்திமூன்றை எடுத்தேன்.
ஐந்தாம் அளவில் கண் இருட்டியது.
பென்சிலால் அங்கே ஒரு காற்புள்ளி.
மூச்சு வேண்டுமென்றால் ஒரு சுரத்தைத் தின்ன வேண்டும்.
எதைத் தின்றால் வாக்கியம் உடையாது?
இதைத் தின்றேன், உடைந்தது.
அழித்தேன். முந்தினதைத் தின்றேன்,
கேட்பவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது.
அதையே வைத்துக்கொண்டேன்.

ஒரு டிரைவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்,
"சேச்சி, எந்து பற்றி? வண்டி ஸ்டார்ட் ஆவுனில்லே?"
"ஆவும்," என்றேன்,
வாய் ஊதுகுழியை விட்டு விலகாமல்.

மேடையில் அவர் வண்டி ஏறிய பிறகும்
எண் நிற்கவில்லை, கடைசி இலக்கம் நடுங்கியது.
எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
நின்றது. முப்பத்தோராயிரத்து இருநூற்றி நாற்பது.
ரசீதைக் கிழித்தேன்.

ரெஜி லாசருக்கு மெசேஜ் போட்டேன்:
ஓசிக் கட்டு எனக்கு. டிரம்பெட் புக்க நீ வச்சுக்க.
மத்தது, நாலு வால்வு உள்ளவளுக்கு ஆவட்டும்,
அப்படி எவளாவது இருந்தா சொல்லு.

பத்து மணி. ஷட்டர்.
இருபத்தொன்றாம் அளவில்
இன்னும் மூச்சு கிடைக்கவில்லை.